ஒட்டு மருந்து

"இல்லை" என்ற சொல்லை, ஒரேயொரு நாளைத் தவிர, அவர் தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மலேரியாவுக்கு இரத்தம் கொடுத்தவர்கள் முடிவை அறிய வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவர் நுணுக்குக்காட்டியில் இருந்து கண்ணை எடுத்து, "நான் பாத்த இடத்தில காணேல்லை" என்பார்.

"அப்ப இல்லைத்தானே, மிஸ்?"

"நான் பாத்த இடத்தில காணேல்லை. திரும்பக் காய்ச்சினால் திரும்ப வாங்கோ."

"உது இருக்கெண்ட கதையோ, இல்லையெண்ட கதையோ?"

"காணேல்லை எண்ட கதை."

அதனால் அவருக்குக் 'காணேல்லை மிஸ்' என்று பெயர் வந்தது. அது அவருடைய காதிலும் விழுந்திருக்கும். ஒருநாளும் கோபித்ததில்லை. பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், போர்க்கால வன்னியில், மல்லாவிக்கு அப்பால், ஒரு பாடசாலையின் சில வகுப்பறைகளில் நடந்த தற்காலிக மருத்துவமனை அது. விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசிக் கொடுப்பது என் வேலை. அதற்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது அவருடைய வேலை. அவருடைய விரல் நுனிகள் எப்போதும் ஊதா நிறத்தில் இருக்கும். மின்சாரம் கிடையாது. நுணுக்குக்காட்டியின் அடியில் இருந்த சின்னக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். காலையில் கிழக்கு யன்னலடியில் இருக்கும் மேசை, மத்தியானம் தாழ்வாரத்துக்குப் போகும், பின்னேரம் பாலை மரத்தைத் தாண்டிப் போகும். தூக்குகிறவர்கள் நானும் மருத்துவமனைச் சிற்றூழியரும். அவரை எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதுக்கு மேல், வாய் ஓயாதவர்.

"வெயிலுக்குப் பின்னால மேசை காவித் திரியிற ஆசுப்பத்திரி உலகத்திலயே இது ஒண்டுதான்" என்பார் அண்ணை.

மாரியில் மூட்டம் போட்டால் மிஸ் தகடுகளைத் தொடமாட்டார். "வெளிச்சம் காணாது. பாத்தாப் பிழையாச் சொல்லுவன்." வாங்கில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முன்பு இருந்தவர் எந்த மூட்டத்திலும் பார்த்துச் சொன்னார் என்று ஒருவர் சொல்வார். "ஓம், சொல்லியிருப்பார்" என்பார் மிஸ்.

யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்தவர். பயிற்சிக்காக வெளிநாட்டுக்குப் போய் அங்கே ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு, எல்லோரும் வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில் உள்ளே வந்தவர். பிறகு சண்டையில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, வள்ளத்தில் கடலேரியைக் கடந்து, இரண்டு மூன்று இடம் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று அண்ணை ஒருநாள் கேட்டார். நாட்டுப்பற்று, தாய் தகப்பன், ஏதோ ஒரு பெரிய பதில் வரும் என்று நானும் காதைக் கொடுத்தேன்.

"லீவு முடிஞ்சுது" என்றார்.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒருவருக்கொருவர் கொடுக்க அதிகம் எதுவும் இருக்கவில்லை. அதனால் நல்ல வார்த்தைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 'பங்குனிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்' என்போம். 'உங்கட வீட்டுக்கு ஒண்டும் நடந்திராது' என்போம். 'சாப்பிட்டீங்களோ' என்று கேட்டால், சாப்பிடாவிட்டாலும் 'ஓம்' என்போம். மிஸ்ஸிடம் கேட்டால், "காலமை ஒரு ரொட்டி. பிறகு ஒண்டுமில்லை" என்பார். கேட்டவர் பாவம், தன்னிடமும் ஒன்றுமில்லாமல் திகைத்து நிற்பார். "நீங்கள் கேட்டதுக்குச் சொன்னனான். எனக்குப் பசியில்லை" என்று அவரே ஆற்றிவிடுவார்.

சண்டை முடியப்போகிறது என்று யாராவது வந்து சொன்னால், "ஆர் சொன்னது? அவர் எங்க நிண்டு பாத்தவர்?" என்று கேட்பார். கேலியாகக் கேட்பதில்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்பார். சொன்னவருக்கு முகம் செத்துப்போகும். பிறகு அந்தச் செய்தியை மிஸ் இல்லாத பக்கம் கொண்டுபோய்ச் சொல்வார்.

மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்து வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயாவின் தாயார் இறந்தபோது நாங்கள் எல்லோரும் போனோம். கிழவி வருந்தாமல் போய்விட்டார் என்று வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசி மூன்று நாளும் அவர் பட்ட பாடு அவர்களுக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். மிஸ் வந்தார், ஐயாவின் முன்னால் சிறிது நேரம் நின்றார். பின்பக்கம் போய்க் கிணற்றடியில் குவிந்து கிடந்த சட்டிபானைகளைக் கழுவத் தொடங்கினார். நாங்கள் புறப்படும்போதும் கழுவிக்கொண்டிருந்தார். "மற்றவை எல்லாரும் சொன்னதை நான் மறந்துபோனன்" என்று பல மாதங்களுக்குப் பிறகு ஐயா என்னிடம் சொன்னார். "அவா கழுவின சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு."

அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்தவை ஒரு உடுப்புப் பையும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலும். போத்தலுக்குள் சுடுதண்ணீர் இல்லை. பனிக்கட்டி வைத்து, அதற்குள் ஒரு சின்னத் தகரப் பேணி. பனிக்கட்டி கிடைக்காத இடங்களில் கிணற்றுத் தண்ணீர். எங்களிடம் வந்து சேர்ந்ததும் முதலில் கேட்டது, தடுப்பூசிகள் இருந்த மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டியில் அந்தப் பேணிக்கு ஒரு மூலை. ஐயா கொடுத்தார்.

பேணிக்குள் இருந்தது விரல் நுனி அளவான ஒரு கண்ணாடிப் போத்தல். குப்பி என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு அப்போது வன்னியில் வேறு பொருள், போராளிகள் கழுத்தில் கட்டியிருந்த நஞ்சு. ஆகவே சின்னப் போத்தல் என்றே சொன்னோம். உள்ளே அடியில், ஊதினால் பறந்துவிடும் போல ஒரு வெள்ளைப் படலம். அவ்வளவுதான்.

"உதுக்குள்ள என்ன, மிஸ்?" என்று கேட்டது அண்ணைதான். வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒரு சாயம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். மிஸ் துணியில் கையைத் துடைத்துவிட்டு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"நோய் வந்தா மனுசற்ற உடம்பு அதை எதிர்க்கிறதுக்குச் சில புரதங்களைச் செய்யும். அதில ஒண்டு இது. ஆனா மனுசரில இருந்து எடுத்ததில்லை. இதைச் செய்யிறதுக்கு உடம்புக்குள்ள ஒரு குறிப்பு இருக்கு. அந்தத் துண்டை எடுத்து ஒரு கிருமிக்குள்ள ஒட்டிவிட்டா, அந்தக் கிருமி இருந்து இதைச் செய்து தரும்."

"கிருமியோ? கிருமியை எதிர்க்கிறதைக் கிருமியே செய்து தருமோ?" அண்ணை சிரித்தார். "கள்ளனைக் கொண்டே பூட்டுச் செய்விச்ச கதையாக் கிடக்கு."

"ஓம், கிட்டத்தட்ட."

"எங்கட ஒட்டு மாங்கண்டு மாதிரியோ, மிஸ்?"

அவர் யோசித்தார். "சரியா அப்பிடியில்லை" என்றார். பிறகு, அன்றைக்கு வாங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள், வெயிலும் நகர்ந்துகொண்டிருந்தது, "சரி, அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். சரியில்லாத ஒரு சொல்லை அவர் போகவிட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அது மருந்து அல்ல என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. மலேரியாவில் உடம்பு போட்டு நடுக்குவதற்கு, உடம்பு இந்தப் புரதத்தை அளவுக்குமேல் செய்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவருக்கு எண்ணம். காய்ச்சல்காரரின் இரத்தத்தில் அது எவ்வளவு கூடுகிறது என்று அளக்க வேண்டும். அப்படி அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிதான் இந்தப் போத்தல். அளக்கும் கருவி எங்களிடம் இல்லை, வரும் வழியும் இல்லை. ஒருநாள் வரலாம் என்று குளிரில் வைத்திருந்தார். இதை எல்லாம் அண்ணை கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவருடைய காதில் தங்கியவை 'எதிர்க்கிறது', 'ஒட்டு' என்ற இரண்டு சொற்கள்.

ஒரு வாரத்தில் அது ஒட்டு மருந்து ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குப் போலியோவுக்குச் சொட்டு மருந்து கொடுத்துப் பழகிய சனம். சொட்டு மருந்து இருந்தால் ஒட்டு மருந்தும் இருக்கத்தானே வேண்டும். ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "இவனுக்கு மற்றதெல்லாம் போட்டாச்சு, ஒட்டு மருந்துதான் மிச்சம்" என்றார். மிஸ் அவருக்கும் இருந்து விளங்கப்படுத்தினார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அந்தக் கதை பெரிதாகிக்கொண்டு போனது. அவ்வளவு நேரம் எடுத்து மறுக்கிறார் என்றால் அது அவ்வளவு பெறுமதியான சாமான் என்று சனம் முடிவுகட்டிவிட்டது.

அடுத்த மாரியில் ஒரு காலை, உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பெண்ணைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது இருக்கும். கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் அசைவில்லை. கூட வந்த கணவர் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். ஒட்டுசுட்டான் பக்கத்தில் நெல்லும் கச்சானும் செய்கிறவர். நான் விரலில் குத்தினேன். மிஸ் உடனே பார்த்தார். இந்த முறை காணேல்லை என்று சொல்லவில்லை.

"கனக்க இருக்கு" என்று ஐயாவிடம் மெல்லச் சொன்னார். "மூளைக்கு ஏறீட்டுது போல."

இப்படியானவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய மருந்து குயினைன். எங்களிடம் அது முடிந்து நாளாகியிருந்தது.

"எத்தினை நாளாக் காய்ச்சல்?" என்று ஐயா கேட்டார்.

"அஞ்சு நாளுங்க. சாதாரணக் காய்ச்சல்தான், தானா விட்டுரும்னு எல்லாரும் சொன்னாங்க."

"வாற வழியில ஆசுப்பத்திரி இருக்குதே. அங்க ஏன் இறக்கேல்லை?"

"இருந்துச்சுங்க. இங்கதான் ஒட்டு மருந்து இருக்குன்னாங்க. அதான் நேரா வந்துட்டோம்."

மிஸ் நுணுக்குக்காட்டியை உறையால் மூடிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. அவர்கள் கடந்து வந்த அந்த மருத்துவமனையில் குயினைன் இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐயா உடனே ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். மழை பெய்து கிறவல் வீதி குழம்பிக் கிடந்தது. போகிறவர் எப்போது திரும்புவார், திரும்புவாரா என்று யாரும் சொல்ல முடியாது.

காத்திருந்த அந்த நேரத்தைத்தான் நான் மறக்கவில்லை. கணவர் மிஸ்ஸின் மேசைக்கு வந்தார். முதலில் கும்பிட்டார்.

"அம்மா, ஒரு ஊசி போடுங்கம்மா. நீங்க ஒரு வார்த்த சொன்னா போட்ருவாங்க."

"ஐயா, அது மருந்தில்லை. காய்ச்சலை ஏத்திற சாமான். அவவுக்குப் போட்டா இன்னும் கூடும்."

"நோயை எதிர்க்கும்னு நீங்களே சொன்னதாச் சொல்றாங்களே?"

"சொன்னனான். எதிர்க்கிறதெல்லாம் சுகமாக்காது."

"எங்களுக்குன்னா குடுக்க மாட்டீங்க." அவருடைய குரல் மாறியது. "ஒங்க ஊர் ஆளுகளுக்குன்னா வெளிய வரும். நாங்க தோட்டக்காட்டு ஆளுகதானே."

மிஸ்ஸுடைய முகம் அடி விழுந்ததுபோல ஆனது. "என்ர சொந்தத் தங்கச்சி கிடந்தாலும் போடமாட்டன்" என்றார். கணவர் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். வாங்கில் இருந்த சனம் மிஸ்ஸையே பார்த்தது. எனக்கும் அந்த நேரம் அவர்மேல் சினமாகத்தான் இருந்தது.

அண்ணை கிட்ட வந்தார். "மிஸ், வெறும் தண்ணியை ஏத்திப்போட்டு இதுதான் அது எண்டு சொல்லுவம். அந்த மனுசனுக்கு ஒரு ஆறுதல்."

"அவா செத்தால், அந்த மருந்து போட்டும் செத்துப்போனா எண்டு அவர் நினைப்பார். தப்பினால், அந்த மருந்தாலதான் எண்டு நினைப்பார். பிறகு இன்னும் எத்தினை பேர் வழியில இருக்கிற ஆசுப்பத்திரியைத் தாண்டி இஞ்ச வருவினம்?"

அப்போது ஐயா வெளியே வந்தார். இரண்டு இரவு நித்திரை இல்லாத கண்கள். நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். "மருந்து வராட்டில், பின்னேரம் அந்தச் சின்னப் போத்தலில இருக்கிறதையும் ஏத்திப் பாப்பம்" என்றார். "ஒண்டும் செய்யாமல் விட்டம் எண்டு இருக்கக்கூடாது."

மிஸ் எழுந்து உள்ளே போனார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பேணியை எடுத்தார். அந்தப் பெட்டிக்குப் பூட்டுக் கிடையாது. ஊசிகள் அவிக்கும் சட்டி மண்ணெண்ணெய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. போத்தலின் மூடியை நெம்பி எடுத்துவிட்டு, போத்தலோடு அதற்குள் போட்டார். 'டிங்' என்று ஒரு சத்தம். கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன செய்யிறீங்கள்?" என்றார் ஐயா.

"அவிச்சுப்போட்டன். முட்டை மாதிரித்தான், அவிஞ்சால் பிறகு ஒண்டுக்கும் உதவாது."

பிறகு தாழ்வாரத்துக்கு வந்து வாங்கில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒட்டு மருந்து இல்லை" என்றார். வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கணவர் மண்ணை அள்ளித் தூற்றித் திட்டினார். மிஸ் திரும்பிப் போய் நேற்றைய தகடுகளைக் கழுவத் தொடங்கினார். "ஊசியெல்லாம் இனித் திரும்ப அவிக்க வேணும்" என்று அண்ணை சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. ஆள் அடி முதல் தலைவரை சேறு. குயினைன் ஏற்றினோம். அந்தப் பெண் மறுநாள் கையை அசைத்தார். அதற்கு அடுத்த நாள் தண்ணீர் கேட்டார்.

"இனி அந்த ஆராய்ச்சிக்கு என்ன செய்வீங்கள்?" என்று நான் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"தகடு பாப்பன்."

கதை அத்துடன் முடிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிற அன்று கணவர் ஒரு பூசணிக்காயோடு வந்தார். மிஸ்ஸின் காலைத் தொடப் போனார். மிஸ் கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

"எனக்குத் தெரியுங்கம்மா. எல்லாரும் கேட்டு வருவாங்கன்னு வெறும் போத்தலக் கொதிக்கப் போட்டீங்க. நெசத்தை இவளுக்குக் குடுத்துட்டீங்க."

"நான் குடுக்கேல்லை."

"சரிங்கம்மா. குடுக்கல. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்." கண்ணைச் சிமிட்டினார்.

கணவர் திட்டியதைத் தாங்கிய மிஸ்ஸுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் ஆட்கள் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இருந்து சொன்னார். அவருடைய குரல் கம்மிப்போனது. பூசணிக்காயை அண்ணை கறி வைத்தார். மிஸ் ஒரு துண்டும் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் வந்தார், கணவரும் கூட வந்தார். உடம்பு தேறவில்லை, ஆனால் நேராக நடந்து வந்தார். கணவரைத் தாழ்வாரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் இருந்தார். நான் பக்கத்தில் தகடு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மருந்து என் ஒடம்புல இருக்குங்களா?"

"நான் தரேல்லை, அம்மா."

"இவரு சத்தியம் பண்றாரு. தான் அழுததாலதான் எனக்கு உசிரு வந்துச்சுன்னு தெனமும் சொல்லிக் காட்டுறாரு. சோறு போடும்போதும் சொல்றாரு, படுக்கும்போதும் சொல்றாரு."

மிஸ் அவரைக் கவனமாகப் பார்த்தார். "அந்தப் போத்தலுக்குள்ள இருந்த அதே சாமானை உங்கட உடம்பும் செய்திருக்கும்" என்றார். "நான் அளந்து பாக்கேல்லை. ஆனா செய்திருக்கும். எங்கள் எல்லாருக்கும் செய்யும். நோயைக் கொல்லத்தான் தொடங்கும், அளவு கூடினா ஆளையே விழுத்திப்போடும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன். நல்லாக்கினது குயினைன்."

"நானே செஞ்சதா?"

"ஓம். உங்கடைதான்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மறுபடி வருமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எந்த மனிதரும் ஒரு பதில்தான் சொல்வார்கள்.

"வரலாம்" என்றார் மிஸ். "நுளம்பு இருக்கிற இடத்திலதானே இருக்கிறீங்கள். வந்தால் விட்டுப் பாக்காதேங்கோ. காய்ச்சின முதல் நாளே, கிட்ட இருக்கிற ஆசுப்பத்திரி எதுவோ அதுக்குப் போங்கோ."

அழுவார் என்று நினைத்தேன். அவர் மூச்சை விட்டார்.

"இனிமே வரவே வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதக் கேக்கக் கேக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தாழ்வாரத்தில் கணவர் ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்லாமல் முன்னால் நடந்தார்.

அந்த வருடக் கடைசியில் மிஸ்ஸை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு நாங்களும் இடம் மாறினோம். அதன்பின் அவரை நான் காணவில்லை.

அடுத்த மாரியில் மாங்குளத்துக்கு இப்பால் ஒரு ஓலைக் கொட்டிலில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் அந்தப் பெண் நின்றார். போர்வையால் போர்த்தியிருந்தார், பல்லுக் கிட்டியது. எப்போது தொடங்கியது என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலைலங்க. அவரு நாளைக்குப் பாக்கலாம்னாரு. நான் நடந்து வந்துட்டேன்."

விரலை நீட்டினார்.